முதலில் தண்ணீர், பிறகு கயாக்

ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட் ஊரிலிருந்து எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகும் சாலையோரம் விடுமுறை நாள் விடியலில் நின்றால், வண்டிகளை வைத்தே ஆட்களைக் கணித்துவிடலாம். சின்னக் காரின் கூரையில் குப்புறக் கட்டிய பத்தடிக் கயாக் போகிறதா? அவர் சதுப்புக்காட்டு ஓடைகளுக்குள் நுழையப் போகிறவர். பிக்கப் வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டு, வாலில் சிவப்புத் துணி ஆட, பன்னிரண்டடிக் கயாக் போனால் அது ஃபுளோரிடா வளைகுடாவுக்கு. நாற்காலியும் பெடலும் மீன் காட்டும் திரையும் பூட்டிய அகலமான ஒன்று தனி டிரெய்லரில் உருண்டு வந்தால், அதன் சொந்தக்காரரிடம் பணம் இருக்கிறது, முதுகுவலியும் இருக்கலாம்.

மீன் பிடிக்கக் கயாக் வாங்க நினைப்பவருக்கு அமெரிக்காவின் இந்தத் தென்கோடியைப் போன்ற பள்ளிக்கூடம் வேறு கிடைப்பது அரிது. கார் ஒன்று இருந்தால் போதும். அலையாத்திக் காட்டுக்குள் ஆள் அகலமே உள்ள ஓடை, முழங்கால் ஆழத்தில் கண்ணுக்கெட்டிய வரை விரியும் வளைகுடா, பாலத்தூண்களுக்கு நடுவே சீறும் நீரோட்டம், ஊரே இல்லாத 159 கிலோமீட்டர் நீர்வழி என நான்கையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றும் வேறொரு கயாக்கைக் கேட்கிறது. கடைக்காரர் "என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள்?" என்றுதான் ஆரம்பிப்பார். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்தத் தண்ணீர், அந்தத் தண்ணீர் வரை அதை யார் தூக்குவது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், பாதிக் கயாக்குகள் தாமே பட்டியலிலிருந்து கழன்றுவிடும். கடையின் தரையில் எந்தக் கயாக்கும் கவிழ்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தெற்கே வண்டியை விடலாம்.

வழியில் ‘ராபர்ட் இஸ் ஹியர்’ என்றொரு பழக்கடை. 1959இல் ஆறு வயதுப் பையன் ஒருவனை வெள்ளரிக்காய் விற்கச் சாலையோரம் உட்கார வைத்ததில் தொடங்கியது. இன்று சப்போட்டாவும் பலாவும் கொய்யாவும் அங்கே கிடைக்கின்றன. தமிழ்ப் பயணிகள் இந்த இடத்தில் கயாக்கை மறந்துவிடும் ஆபத்து உண்டு.

பூங்காவை 1947 டிசம்பர் 6 அன்று அதிபர் ட்ரூமன் திறந்துவைத்தார். நுழைவாயிலிலிருந்து சாலை முடியும் ஃபிளமிங்கோ வரை 61 கிலோமீட்டர். கோரைப்புல் வெளியும் குள்ளச் சைப்ரஸ் மரங்களும் பின்னோக்கி ஓட, கடல் நெருங்க நெருங்கச் சுரபுன்னை தலைகாட்டுகிறது. பிச்சாவரம் போனவர்களுக்கு அந்த வேர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஃபிளமிங்கோவை எட்டும் முன்பே, சாலையின் வலப்புறம் ஹெல்ஸ் பே நீர்த்தடம் வருகிறது. நரக விரிகுடா என்ற அந்தப் பெயருக்குப் பழைய ஆட்கள் சொன்ன காரணம், உள்ளே போவதும் நரகம், வெளியே வருவதும் நரகம் என்பது. ஓடை அத்தனை முறை வளைகிறது. 160க்கும் மேற்பட்ட வெள்ளைக் குழாய்க் கம்பங்களை நட்டு வழி காட்டியிருக்கிறார்கள். ஒரு கம்பத்தைத் தவறவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பச்சை. தடத்தின் தொடக்கப் பகுதியில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. இங்கே பதினான்கு அடிக் கயாக்கோடு வருகிறவர் ஒவ்வொரு வளைவிலும் முன்மூக்கை வேருக்குள் செருகி, பின்னால் வந்து, மறுபடி செருகுவார். பத்தடிக் கயாக் அதே வளைவில் இரண்டு துடுப்பு வீச்சில் திரும்பிவிடும். அகலமும் இங்கே பகைதான்: துடுப்பை நீட்டி வீச இடமில்லாத ஓடையில், அகலமான கயாக்கின் விளிம்புக்கு வெளியே துடுப்பைக் கொண்டு போவதற்குள் கிளை இடிக்கும். நுனியில் கம்பியும் நூலும் தொங்கும் மூன்று தூண்டில் கம்புகளைப் பின்னால் செங்குத்தாக நிறுத்தி வருபவரின் கதை பத்தாவது வளைவிலேயே தெரிந்துவிடும். கம்புகளைப் படுக்கை வாட்டில் வைக்க இடமுள்ள கயாக்தான் இந்தக் காட்டுக்குச் சரி. விளம்பரப் படங்களில் இது கண்ணில் படுவதே இல்லை.

ஆனால் குட்டைக் கயாக்குக்கு ஒரு விலை உண்டு. நீளமும் குறுகலும் சேர்ந்தால் வேகம் கிடைக்கும், நேர்கோட்டில் போகும். குட்டையும் அகலமும் சேர்ந்தால் சுலபமாகத் திரும்பும், ஒவ்வொரு வீச்சுக்கும் மூக்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போகும். மிதவையின் நீளம்தான் அதன் வேகத்துக்கு எல்லை கட்டுகிறது. பன்னிரண்டு அடிக்கு அந்த எல்லை மணிக்கு எட்டரை கிலோமீட்டர் அளவில் நிற்கும், அதையும் மனிதக் கை நெடுநேரம் தொட முடியாது. மீன்பிடிக் கயாக்கில் சாதாரணமாகத் துடுப்புப் போடுபவர் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கிலோமீட்டர் போனால் அதுவே நல்ல நடை. எதிர்க்காற்றில் அதுவும் பாதியாகும். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைவிட எவ்வளவு தூரம் காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடுவது மேல்.

ஆளுக்கேற்ற கயாக் என்ற எண்ணமே புதிதல்ல. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட், அலூட் மக்கள் மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைக் கயாக்குகளை ஓட்டப்போகிறவரின் உடம்பை அளந்துதான் கட்டினார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்தால் உட்காரும் இடத்தின் அகலம் என்று வழக்கில் சொல்வார்கள். இன்றோ பாலியெத்திலீன் தூளை அச்சில் கொட்டி, சூடாக்கிச் சுழற்றி, ஆயிரக்கணக்கில் வார்க்கிறார்கள். அச்சு எல்லாருக்கும் ஒன்று. அதனால் உடம்பை அளக்கும் வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது. அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் நூறு கிலோ ஆணுக்கும் ஒரே கயாக்கைக் காட்டுகிற கடையில் சற்றுச் சந்தேகப்படலாம். பாரம் குறைந்தால் பெரிய கயாக் உயரமாக மிதந்து காற்றுக்கு இரையாகும்.

ஃபிளமிங்கோ படகுத்துறையில் முதல் ஆச்சரியம் மீன் அல்ல. கான்கிரீட் சரிவுக்குப் பக்கத்தில் அமெரிக்க முதலை வாயைத் திறந்துகொண்டு வெயில் காயும். அருகிலேயே, பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு உறவான மனாட்டிகள் மூக்கை நீட்டி மூச்சு வாங்கும். 1905இல் இதே வட்டாரத்தில்தான், தொப்பி அலங்காரத்துக்காகக் கொக்குகளைச் சுட்டவர்களைத் தடுக்கப் போன காவலர் கை பிராட்லி கொல்லப்பட்டார். கோடையில் வந்தால் கொசுக்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்க்க விடாது.

துறையிலிருந்து கிழக்கே போனால் ஸ்நேக் பைட். ஃபுளோரிடா வளைகுடாவின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். இந்த ஓரம் அதைவிடக் குறைவு. அடியில் கடற்புல். மோட்டார் விசிறிகள் அதை உழுது போட்ட வடுக்கள் ஆறப் பல ஆண்டுகள் பிடிப்பதால், 2011இல் இதன் பெரும்பகுதியில் எஞ்சின் ஓட்டத் தடை வந்தது. கோலூன்றலாம், துடுப்புப் போடலாம், சிறு மின்மோட்டார் போடலாம். வேகப் படகுக்காரர்கள் ஒதுங்கிய இந்தச் சேற்றுநீர்தான் கயாக் தூண்டில்காரர்களின் சொர்க்கம். கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஸ்நூக், கத்தாழைக் குடும்பத்துச் செம்மீனான ரெட்ஃபிஷ், புள்ளி ட்ரௌட் மூன்றும் புல்மேட்டில் மேய வருகின்றன. ரெட்ஃபிஷ் வாலை நீருக்கு மேலே நிமிர்த்தி அடியில் நண்டு கிளறும். அதைக் கண்டுபிடித்து, மூக்குக்கு முன்னால் இரையை வீசுவதுதான் விளையாட்டு.

கண்டுபிடிக்க உயரம் வேண்டும். உட்கார்ந்த நிலையில் நீரின் மினுமினுப்பு கண்ணை மறைக்கும். நின்றால் அடிப்புல் வரை தெரியும். நின்று ஓட்டுவதற்காகவே மீன்பிடிக் கயாக்குகள் வருடத்துக்கு வருடம் அகன்றுகொண்டே போகின்றன. தட்டையான அடிப்பாகம் அசையாத நீரில் திண்ணைபோல் நிற்கும். ஆனால் குறுக்கே அலை வந்து ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால், எச்சரிக்கை இல்லாமல் கவிழும். சற்று வளைந்த அடிப்பாகம் உள்ளது ஏறிய உடனே நடுங்கும். புதிதாக வாங்குபவர் பயந்து இறங்கிவிடுவார். அதுவே சாய்ந்தபின் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே கடை முற்றத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஃபிளமிங்கோ துறையிலேயே கயாக் வாடகைக்குக் கிடைக்கிறது. அரை நாள் எடுத்துக்கொண்டு போய், ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து, நீருக்குள்ளிருந்து மறுபடி ஏறிப் பார்ப்பது நூறு விமர்சனங்களைப் படிப்பதற்கு மேல். ஏற முடியாத கயாக்கை வாங்கவே வேண்டாம்.

ஸ்நேக் பைட்டில் இன்னொரு பாடம் வற்றம். நீர் இறங்கத் தொடங்கினால் அரை மணியில் கயாக் சேற்றில் அமர்ந்துவிடும். இறங்கி இழுத்துப் போகலாம் என்று கால் வைத்தால் தொடை வரை புதையும். அடுத்த ஏற்றம் வரும்வரை வெயிலில் காத்திருப்பதுதான் வழி. அதனால் இங்கே ஆழம் குறைவாக அமிழும் இலேசான கயாக்கே அறிவாளி. பெடல் வகைகள் இங்கே தடுமாறுகின்றன. நீருக்கடியில் அடிக்கும் துடுப்புத் தகடுகள் ஏறக்குறைய ஒன்றரை அடி கீழே தொங்கும். சுழல்விசிறி வகையில் கடற்புல் சுற்றிக்கொள்ளும். இரண்டையும் மேலே தூக்கி வைத்துவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டியதாகிறது. அப்போது நாற்காலியின் உயரமும் கயாக்கின் அகலமும் சேர்ந்து, சாதாரணத் துடுப்பு நீரைத் தொடவே சிரமப்படும். அகலமான கயாக்குக்கு 250 சென்டிமீட்டர் அளவுள்ள துடுப்பாவது வேண்டும் என்று யாரும் விலைச்சீட்டில் எழுதுவதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன்பிடிக் கயாக் என்றாலே புல்லும் சேறும் கலந்த மறைவு நிறத்தில் விற்கிறார்கள். மீன் பார்ப்பது கயாக்கின் அடிவயிற்றை. மேல்பக்க ஓவியம் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியது மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் வரும் விசைப்படகுக்காரருக்கு. மஞ்சளோ ஆரஞ்சோ அசிங்கமாக இருந்தாலும் உயிருக்கு நல்லது.

இனி எடை. ஃபிளமிங்கோ துறையில் மாலை நான்கு மணிக்கு நின்று பார்த்தால் இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. காலையில் உற்சாகமாக இறக்கியவர்கள், ஆறு மணி நேரம் வெயிலில் கிடந்தபின் அதே கயாக்கை மறுபடி தூக்கி ஏற்ற வேண்டும். ஹோபி நிறுவனத்தின் புரோ ஆங்லர் 14 என்ற புகழ்பெற்ற மாடலை எடுத்துக்கொள்வோம்: 97 சென்டிமீட்டர் அகலம், 272 கிலோ தாங்கும், நின்று நடக்கலாம். முழுதாகப் பூட்டினால் அதன் எடை 60 கிலோவுக்கு மேல். வில்டர்னஸ் சிஸ்டம்ஸின் டார்பன் 120 போன்ற எளிய பன்னிரண்டடிக் கயாக் சுமார் 30 கிலோ, தாங்குவது சுமார் 160 கிலோ. முதலாவதைத் தனியாள் கார் கூரையில் ஏற்றுவது நடக்காத காரியம். டிரெய்லர், அதை நிறுத்த இடம், துறை வரை தள்ள இரண்டு சக்கர வண்டி எல்லாம் விலையோடு சேரும். கனமான கயாக்கின் உண்மையான குறை, அது வீட்டுக் கொட்டகையிலேயே தங்கிவிடுவது. முதல் கயாக் வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எளிய பன்னிரண்டடியே போதும், ஆசை வேறு சொன்னாலும்.

இந்த எளிய வகைகளெல்லாம் மேலே உட்கார்ந்து ஓட்டுபவை. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமியர் என்ற இளைஞர் சறுக்குப் பலகையைக் குடைந்து தொடங்கியதிலிருந்து இவை பரவின. உள்ளே குழி இல்லை. தளத்தில் விழும் நீர் துளைகள் வழியே தானாகக் கீழே வடிந்துவிடும். மரங்களுக்கு நடுவே கடல்நீரை வடியவிட்டு மூழ்காமல் நிற்கும் கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்த கோரமண்டல் கரையாருக்கு இதில் வியக்க எதுவும் இல்லை. அலைமோதும் இடத்தில் குழியுள்ள கயாக் நீர் குடித்துக் கனக்கும். மேலே உட்காரும் வகை கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். குளிர்நாட்டு ஏரிக்குக் குழியுள்ளதே சுகம் என்பதும் உண்மை.

ஃபிளமிங்கோவோடு தரைவழி முடிகிறது. பாலத்தூண் நீரோட்டம் உள்ள கீஸ் தீவுகளுக்குப் போகச் சாலையில் திரும்பி வந்து, ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்க வேண்டும். ஹென்றி ஃபிளாக்ளர் கட்டிய ரயில்பாதை 1912இல் கீ வெஸ்ட்டை எட்டியது. 1935இன் சூறாவளி அதை உடைத்துப் போட்டது. எஞ்சிய தூண்களைப் பயன்படுத்தி 1938இல் திறந்த கடல்மேல் சாலைதான் இன்று 42 பாலங்களோடு தீவுகளைக் கோக்கிறது. பாலத்துக்கு ஒருபுறம் அட்லாண்டிக், மறுபுறம் வளைகுடா. இரண்டின் மட்டமும் சமப்பட ஓடும் நீர் ஒவ்வொரு பாலத்தின் கீழும் ஆறுபோல் பாய்கிறது.

இளவேனிலில் டார்பன் மீன்கள் இந்த வாய்க்கால்களில் கூடும். ஆள் நீளம் வளரும் வெள்ளி மீன், தூண்டில் பட்டதும் ஆகாயத்தில் துள்ளும். அவற்றைத் தேடிச் சுறாக்களும் வரும். கயாக்கில் இருப்பவர் டார்பனை மாட்டினால் மீன்தான் கயாக்கை இழுத்துப் போகும், பல சமயம் பாலத்தூண்களை நோக்கி. நாற்பது அங்குலத்துக்கு மேற்பட்டதை நீரிலிருந்து தூக்கவே ஃபுளோரிடாச் சட்டம் விடாது. பக்கவாட்டில் வைத்துக் கொக்கியைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்நேக் பைட்டில் தடுமாறிய பெடல் கயாக் இங்கே ராஜா. ஹோபி 1997இல் கொண்டுவந்த மிதிமுறை பென்குயின் சிறகைப்போல் இரு தகடுகளை அடிக்கும். காலின் வலு கையின் வலுவைவிடப் பெரிது; ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கவும் முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேல், இரு கைகளும் தூண்டிலுக்கே. மீனோடு மல்லாடும்போது துடுப்பை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை. சில நிறுவனங்களின் சுழல்விசிறி வகையில் பின்னோக்கி மிதித்தால் பின்னோக்கிப் போகும்; தூணை நோக்கி இழுபடுபவருக்கு அந்த வசதியின் அருமை புரியும். சுக்கான் கைப்பிடி எந்தப் பக்கம், உப்புநீர்பட்ட பெடலைத் தானே கழற்றிக் கழுவ முடிகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

நங்கூரம்தான் இங்கே ஆளைக் கொல்வது. நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டிவிட்டு ஓட்டத்தில் நின்றால், நீர் பக்கவாட்டில் மோதி நொடியில் புரட்டிவிடும். கயாக்கின் நீளத்துக்கு ஓடும் ஒரு வளையக் கயிறும் இரண்டு சிறு கப்பிகளும் இருந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரப் பிடியை முன்மூக்குக்கோ பின்வாலுக்கோ நகர்த்தலாம். கயிற்றின் முனையில் மிதவை கட்டி, ஒரே இழுப்பில் விடுவிக்கும் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். ஆயிரக்கணக்கான டாலர் கயாக்கில் இது இல்லாமலும், மலிவான கயாக்கில் சொந்தக்காரரே பூட்டியும் பார்க்கலாம்.

சட்ட விவரங்கள் சுருக்கமானவை. ஃபுளோரிடாவில் துடுப்பாலோ பெடலாலோ ஓடும் கயாக்குக்குப் பதிவு வேண்டாம். அதில் ஒரு குட்டி மின்மோட்டாரைப் பூட்டியதும் பதிவு எண் ஒட்ட வேண்டும். ஆளுக்கொரு மிதவை அங்கி, விசில், இரவானால் வெள்ளை விளக்கு கட்டாயம். வெளிமாநிலத்தாருக்கு 3 நாள், 7 நாள் மீன்பிடி உரிமங்களும் உண்டு. ரெட்ஃபிஷ் 18 முதல் 27 அங்குலத்துக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் வட்டாரத்துக்கு வட்டாரம் விதி மாறும். அளவுகோல் ஒட்ட இடமுள்ள கயாக்கா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

தீவுகளிலிருந்து வடக்கே திரும்பி, 1928இல் முடிந்த டமியாமி சாலையில் மேற்கே போனால் எவர்கிளேட்ஸ் சிட்டி. வழியில் ஒச்சோப்பியில் நாட்டின் மிகச் சிறிய அஞ்சலகம், ஒரு குடிசை அளவு. ஊருக்குத் தெற்கே பத்தாயிரம் தீவுகள் என்றழைக்கும் திட்டுக்கூட்டம் விரிகிறது. இங்கிருந்து ஃபிளமிங்கோ வரை 159 கிலோமீட்டர் வனநீர்வழி. துடுப்புக்காரர்களுக்குக் குறைந்தது எட்டு நாள் ஆகும். காய்ந்த நிலம் இல்லாத இடங்களில், நீருக்கு மேல் கால் ஊன்றிக் கூரை போட்ட ‘சிக்கி’ மேடைகளில் கூடாரம் அடிக்க வேண்டும்.

இந்தத் தடத்துக்குக் கயாக் தேடுபவர் மறந்துவிடுவது தண்ணீர். வழியில் குடிநீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் என்பது பூங்காவின் கணக்கு. எட்டு நாளுக்கு எட்டு காலன், அதாவது 30 கிலோ. 160 கிலோ தாங்கும் பன்னிரண்டடிக் கயாக்கில், அனுபவசாலிகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றமாட்டார்கள்: சுமார் 107 கிலோ. ஆள் 75 கிலோ என்றால் மீதி 32. தண்ணீர் வைத்ததும் சோறு, கூடாரம், தூண்டிலுக்கு இரண்டே கிலோ. பெரும்பாலோருக்குப் போதும் என்று சொன்ன எளிய கயாக் இங்கே தோற்றுப்போகிறது. 272 கிலோ தாங்கும் அகலக் கயாக் பாரத்தைச் சுமக்கும், ஆனால் எட்டு நாளும் அதை உந்திக்கொண்டே போக வேண்டும். இந்த வழிக்குப் பதினாறடி அளவில் நீண்டு குறுகிய பயணக் கயாக்கோ, இருவர் போகும் கனூவோதான் பொருந்தும். தூண்டில் ஒன்றே ஒன்று, அதுவும் மடக்குவது.

தண்ணீரை எதில் கொண்டு போவது என்பதும் கயாக்கைத் தீர்மானிக்கிறது. உப்புநீர்த் தீவுகளில் நன்னீருக்கு அலையும் ராக்கூன்கள் மெல்லிய பிளாஸ்டிக் கேனைக் கடித்துத் துளைபோட்டுக் குடித்துவிடும். கெட்டியான கேன்தான் எடுக்க வேண்டும். அந்தக் கேன் கயாக்கின் மேல்தள மூடி வழியே உள்ளே நுழைய வேண்டும். பல மீன்பிடிக் கயாக்குகளின் மூடி ஒரு கைக்கும் சின்னப் பெட்டிக்குமே வழிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைக்குப் போகும்போதே கையில் ஒரு காலிக் கேனோடு போகிறார்கள்.